நம் வழக்கங்களும் அந்நியர் கண்களும்

(யூபிலி விழாவின் முதல் நாள் மாலைக் கூட்டத்தில் பங்குக் குரு ஆற்றிய உரை)



சில ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலிருந்து ஒரு குருவானவர் வந்து நம்மோடு பத்து நாள் தங்கினார். வாசுதேவநல்லூரில் வந்து இறங்கியதும் நம் கோவில்பிள்ளை ஓர் எலுமிச்சம்பழத்தை அவர் கையில் கொடுத்து வணங்கினார். விருந்தினர் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை இப்போதே சாப்பிட வேண்டுமா?" என்று நம் காதில் கேட்டார். மரியாதைக்குத் தருவது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்குப் பக்கத்து ஊர் அல்லவா? பத்து நாளில் அவர் அறையில் ஒரு கூடைப் பழம் சேர்ந்துவிட்டது.

அவருக்கு ஆச்சரியங்கள் குறையவில்லை. ஆம் என்பதற்கும் நாம் தலையை ஆட்டுகிறோம், பார்க்கலாம் என்பதற்கும் ஆட்டுகிறோம். எது எதுவென்று அவருக்கு விளங்கவில்லை. பார்த்தவர் எல்லாம் "சாப்பிட்டாச்சா சாமி?" என்று கேட்டதால், ஊரே தம்மை விருந்துக்கு அழைப்பதாக நினைத்துவிட்டார். ஒரு பெரியவர் "வாரேன் சாமி" என்று சொல்லிப் போனார். இவரோ, அவர் திரும்பி வருவாரென்று அரைமணி நேரம் வாசலில் காத்திருந்தார். 'போகிறேன்' என்று சொல்லக் கூசுகிற மக்கள் நாம் என்று விளக்கியதும், "எவ்வளவு அழகான பொய்!" என்று சிரித்தார்.

ஆனால் அவர் செய்த ஒன்று நம்மவரைத் திடுக்கிட வைத்தது. ஒரு வீட்டில் செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் அதை உதட்டில் வைத்துக் குடித்தார். அந்த வீட்டுச் சிறுவன் கண்ணை அகல விரித்து, "அம்மா, சாமி எச்சில் பண்ணிட்டாங்க" என்று கூவிவிட்டான். தாய் அவன் வாயைப் பொத்தினாள். எச்சில் என்றால் என்ன, ஏன் அண்ணாந்து குடிக்கிறோம் என்று விருந்தினருக்கு விளக்க நமக்கு ஒரு மாலைப் பொழுது பிடித்தது. அடுத்தவர் குடிக்கும் பாத்திரத்தைச் சுத்தமாக வைத்துக் கொடுக்கும் பண்பு அது என்றோம். அவர் ஒப்புக்கொண்டு, சட்டையெல்லாம் நனைய அண்ணாந்து குடிக்கப் பழகினார்.

அன்பர்களே, இந்த எச்சில் விவகாரம் நம் திருச்சபையையே ஒரு காலத்தில் உலுக்கியது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1606-ல் இராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியச் சேசு சபைக் குரு மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே அங்கிருந்த போர்த்துக்கீசியக் குருவைச் சுற்றுப்புறத்து மக்கள் நெருங்கவில்லை. மாட்டிறைச்சியும் மதுவும் தோல் செருப்புமாக இருந்த ஐரோப்பியரை அவர்கள் 'பறங்கி' என்று ஒதுக்கினர். நொபிலி காவி உடுத்தார், மரப் பாதக்குறடு அணிந்தார், மரக்கறி உணவு உண்டார், தமிழும் வடமொழியும் கற்றார். குடுமியும் பூணூலும் சந்தனமும் குலத்தின் அடையாளங்களே, அவற்றை விடாமலே கிறிஸ்தவராகலாம் என்றார். பெரும் வாதத்துக்குப் பின் 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அதற்கு இசைவு தந்தார்.

ஆனால் 1704-ல் புதுச்சேரியில், உரோமையின் தூதராக வந்த தூர்னோன் ஆண்டகை ஒரு கட்டளை பிறப்பித்தார். அக்காலத்து ஞானஸ்நானச் சடங்கில் குருவானவர் தம் உமிழ்நீரைத் தொட்டு, பெறுபவரின் காதிலும் மூக்கிலும் வைப்பார். நம் நாட்டார் இதை அருவருத்ததால் மதுரை மிஷன் குருக்கள் அந்தப் பகுதியை விட்டிருந்தார்கள். விடக்கூடாது என்றார் தூர்னோன். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியையும் தடுத்தார். சச்சரவு நாற்பது ஆண்டு நடந்தது. 1744-ல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் ஆணை அதற்கு முடிவு கட்டியது. அதன் பிறகு இங்கு வந்த குருக்கள் இதற்கென்றே சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பிரமாணம் நீக்கப்பட்டது 1940-ல்தான்.

பிற்பாடு காலம் நம் பக்கம் திரும்பியது. வத்திக்கான் சங்கத்துக்குப் பின் ஞானஸ்நானச் சடங்கில் உமிழ்நீர் இல்லை. 1969-ல் இந்திய ஆயர்கள் கேட்டபடி, செருப்பைக் கழற்றுவது, தரையில் அமர்வது, கைகூப்புவது, குத்துவிளக்கு ஏற்றுவது முதலியவற்றுக்கு உரோமை அனுமதி தந்தது. புனிதப் பொருள்களை முத்தமிடுவதற்குப் பதில் தொட்டு ஒற்றிக்கொள்ளலாம் என்றும் ஆயிற்று. அந்தச் சிறுவனின் திடுக்கீட்டை உரோமை புரிந்துகொள்ள இத்தனை காலம் ஆயிற்று!

ஆகவே நாமே வென்றோம் என்று கைதட்டிவிடலாமா? பொறுங்கள். அதே 1704-ம் ஆண்டுக் கட்டளையில் இன்னொரு வரி உண்டு. தாழ்த்தப்பட்ட மக்களில் ஒருவர் நோயுற்றால், குருவானவர் அவர் வீட்டுக்குள்ளேயே போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும் என்றது அது. ஏன் அப்படி ஒரு கட்டளை வேண்டியிருந்தது? நொபிலியார் வகுத்த முறையில் பூணூலோடு சாதியும் 'வழக்கம்' என்றே விடப்பட்டது. மேல்சாதியாரிடம் பழகிய குருக்கள் வேறு. மற்றவரிடமும் செல்வதற்கு 1640 முதல் பண்டாரசாமிகள் என்று வேறு குருக்கள். எச்சிலைப் பற்றி அந்நியர் கண் தவறாகப் பார்த்தது. இந்த ஒன்றை அது சரியாகப் பார்த்தது.

இதைச் சொல்லும் நாமும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த விருந்தினரோடு ஒருநாள் வேறொரு ஊருக்குப் போனோம். ஊர் பெயர் வேண்டாம். ஒரு வீட்டுத் திண்ணையில் தேநீர் வந்தது. நம் இருவருக்கும் பளபளக்கும் எவர்சில்வர் தம்ளர். உடன் வந்த உபதேசியாருக்கு மட்டும் காகிதக் குவளை. அவரும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு படிக்குக் கீழே நின்று குடித்தார். திரும்பும் வழியில் விருந்தினர், "அவருக்கு ஏன் வேறு குவளை? இதுவும் எச்சில்தானா?" என்று கேட்டார். நாம் சொன்ன பதில்: "அது இங்கே வழக்கம்." எலுமிச்சம்பழத்துக்கும் அதே பதில், இதற்கும் அதே பதில்! உபதேசியார் முன்னால் நடந்துகொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்தது. அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "சாமி, நீங்களும் அந்தத் தம்ளரை வேண்டாமென்று வைத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வைத்திருக்கலாம்தான். நம் திருநெல்வேலிச் சீமையிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. வடக்கன்குளம் கோவிலில் சாதிக்கொரு பக்கமாக இரண்டு நீண்ட கூடங்கள், நடுவே பிரிவு. காற்சட்டை வடிவில் இருந்த அந்தக் கோவிலின் தடுப்பை 1910-ல் கௌசானல் அடிகளார் இடித்துப் போட்டார். மேல்சாதியார் நீதிமன்றம் ஏறினார்கள், 'இது எங்கள் வழக்கம்' என்றுதான் வாதிட்டார்கள், தோற்றார்கள்.

நம் ஆண்டவரும் ஒரு கிணற்றடியில் தண்ணீர் கேட்டார். யூதர் சமாரியரோடு பாத்திரம் புழங்காத காலம் அது. அந்தப் பெண்ணே திகைத்துப்போனாள். தாகத்தோடு வந்த அவர் அவளுடைய பாத்திரத்திலிருந்தே குடிக்க முன்வந்தார்.

ஆகவே அந்நியர் ஒருவர் நம் வழக்கத்தைக் கண்டு வியக்கும்போது, உடனே வெட்கப்படவும் வேண்டாம், உடனே வரிந்துகட்டவும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேட்போம்: இந்த வழக்கம் எதிரே நிற்பவரை உயர்த்துகிறதா, தாழ்த்துகிறதா? எலுமிச்சம்பழம் உயர்த்துகிறது, 'வாரேன்' என்ற சொல் உயர்த்துகிறது, அண்ணாந்து குடிப்பது அடுத்தவரை மதிக்கிறது. இவை நம் பிள்ளைகளுக்கு நாம் விடும் சொத்து. தனிக் குவளையும், தனித் தெருவுக்குப் போகாத சப்பரமும், கல்லறைத் தோட்டத்தில் எழும் சுவரும் தாழ்த்துகின்றன. இவற்றை வழக்கம் என்று சொல்ல நம் நாக்கு இனிக் கூசட்டும்.

நாளை திருப்பலிக்குப் பின் அன்னதானம். ஒரே பந்தி, ஒரே வகை இலை, ஒரே வகைத் தம்ளர் என்று விழாக் குழுவிடம் கேட்டிருக்கிறோம், சம்மதித்திருக்கிறார்கள். முதல் பந்தியில் உபதேசியாருக்குப் பக்கத்தில் நாம் உட்காருவோம். இந்தப் பக்கத்து இலைக்கு யார் வருகிறீர்கள்?

ஆண்டவர் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.