பணிச்சூழலை அளக்கும் கோல் யார் கையில்?

(தொழிற்சங்க அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

"உங்கள் வேலை உங்களுக்கு மனநிறைவு அளிக்கிறதா?" என்று நிர்வாகம் ஒரு படிவத்தை நீட்டுகிறது. பெரும்பாலோர் "ஆம்" என்ற கட்டத்தில் குறியிடுகின்றனர். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டிய தொழிலாளி வேறு எந்தக் கட்டத்தில் குறியிடுவார்? அந்தப் படிவத்தில் பதிவாவது பணிச்சூழல் அன்று, வேலை பறிபோகுமோ என்ற அச்சமே.

அச்சம் இல்லாத இடத்திலும் மனநிறைவை மட்டும் நம்பி முடிவுக்கு வர இயலாது. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் இதற்கு இந்தியாவிலிருந்தே சான்று காட்டினார். மக்களின் ஆயுட்காலத்தில் முன்னணியில் நிற்கும் கேரளத்தில்தான், தமக்கு நோய் இருப்பதாகக் கூறுவோரின் விகிதமும் மிகுதி. ஆயுட்காலம் குறைந்த பீகாரில் அவ்வாறு கூறுவோர் குறைவு. பீகார் மக்கள் அதிக உடல்நலத்துடன் வாழ்கிறார்கள் என்பது இதன் பொருளன்று. கல்வியும் மருத்துவமும் எட்டாத இடத்தில் நோயே இயல்பு நிலையாகிவிடுகிறது. அதுபோலவே, பன்னிரண்டு மணி நேர உழைப்பை மட்டுமே கண்டு வளர்ந்த தொழிலாளிக்கு அது ஒரு குறையாகத் தோன்றுவதில்லை.

ஆகவே, முதலில் அளக்கப்பட வேண்டியது வேலையே. "மூலதனம்" நூலில் வேலைநாள் குறித்த அத்தியாயத்தில் மார்க்ஸ் அதைத்தான் செய்தார். லியோனார்ட் ஹார்னர் போன்ற ஆலை ஆய்வாளர்களின் அரசு அறிக்கைகளைக் கொண்டே, உணவு இடைவேளையிலிருந்து முதலாளிகள் திருடிய நிமிடங்களை அவர் கணக்கிட்டுக் காட்டினார். 1880இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக அவர் வகுத்த வினாத்தொகுப்பும் வேலை நேரம், இடைவேளை, இயந்திரப் பாதுகாப்பு, கூலி வழங்கும் முறை ஆகியவற்றைத் துல்லியமாகக் கேட்டது.

நேரத்தைக் கடிகாரம் அளக்கும். தன் வேலையைத் தானே முடிவு செய்யும் உரிமையை எதைக் கொண்டு அளப்பது? 1979இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் இதற்கு ஒரு வழி வகுத்தார். பணிச்சுமை எவ்வளவு, பணியின் மீது தொழிலாளிக்கு உள்ள கட்டுப்பாடு எவ்வளவு என இரண்டையும் சேர்த்தே அவர் நோக்கினார். சுமை மிகுந்து கட்டுப்பாடு குறைந்த வேலைகளே மனிதரை மிகுதியும் நலிவடையச் செய்கின்றன என்பது அவரது முடிவு.

லண்டனில் 1985இல் தொடங்கி 10,308 அரசு ஊழியர்களிடம் நடைபெற்ற வைட்ஹால் ஆய்வு மேலும் ஒரு படி முன்னேறியது. தம் பணியின் மீது தமக்குள்ள கட்டுப்பாடு குறித்து ஊழியர்களிடமே கேட்கப்பட்டது. அதே பணிகளைப் பணியாளர் பிரிவு மேலாளர்களும் தனியே மதிப்பிட்டனர். 1997இல் வெளியான முடிவுகளின்படி, எந்த வழியில் அளந்தாலும், கட்டுப்பாடு குறைந்த பணியில் இருப்போருக்கு இதயநோய் அபாயம் மிகுந்திருந்தது. புறநிலை அளவீடு தொழிலாளியின் சொல்லை ஒதுக்கித் தள்ளுவதற்கானது அன்று. அச்சொல்லை மறுக்க முடியாததாக்குவதற்கே அது தேவைப்படுகிறது.

இந்தியாவின் நிலை என்ன? 2017 முதல் நடைபெறும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு வேலை நேரம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், ஊதியத்துடன் கூடிய விடுப்பு, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கேட்கிறது. அவை தேவையானவையே. ஆயினும் வேலையின் வேகத்தை யார் நிர்ணயிக்கிறார், கழிப்பறைக்குச் செல்ல யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பவை அதில் இடம்பெறவில்லை.

மறுபுறம், மூலதனம் தொழிலாளியை நொடிக்கு நொடி அளந்துகொண்டிருக்கிறது. 2020-21இல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாக நிதி ஆயோக் மதிப்பிட்டது. உணவு கொண்டுசெல்லும் இளைஞர் ஆர்டரை ஏற்ற நேரம், சென்ற பாதை, வாடிக்கையாளர் அளித்த நட்சத்திரங்கள் என அனைத்தும் செயலியில் பதிவாகின்றன. அவர் எத்தனை மணி நேரம் ஊதியமின்றிக் காத்திருந்தார் என்பதும் அதே கணினியில் உள்ளது. அந்தக் கணக்கு மட்டும் அவருக்குக் காட்டப்படுவதில்லை. கர்நாடகத்தில் 2025இல் இயற்றப்பட்ட சட்டம், தானியங்கிக் கண்காணிப்பு முறைகள் குறித்துத் தொழிலாளருக்குத் தெரிவிக்கும் கடமையை நிறுவனங்கள் மீது சுமத்தியுள்ளது. இது ஒரு தொடக்கம். நாடு முழுவதற்கும் உரிய உரிமையாக இது விரிவடைய வேண்டும்.

தோழர்களே, அதுவரை சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பணியிடத்திலும் ஒரு குறிப்பேடு தொடங்கப்படலாம். வேலை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் என்ன? இடைவேளை எத்தனை நிமிடம் கிடைத்தது? ஷிப்ட் மாற்றம் எத்தனை நாள் முன்னதாக அறிவிக்கப்பட்டது? இலக்கை நிர்ணயித்தவர் யார்? ஆபத்து நேர்ந்தால் இயந்திரத்தை நிறுத்தும் உரிமை உண்டா? இவற்றுக்குக் கருத்து தேவையில்லை. எண்ணோ, ஆம் அல்லது இல்லை என்ற விடையோ போதும். ஒருவர் எழுதினால் அதைத் தனிப்பட்ட மனக்குறை என்று நிர்வாகம் ஒதுக்கிவிடும். ஒரே பிரிவில் ஐம்பது பேர் தனித்தனியே, நாள் தவறாமல் எழுதினால் அது ஆவணமாகும். அடுத்த கூட்டுபேரத்தில் சங்கத்தின் பிரதிநிதிகள் அந்த ஆவணத்தை மேசையில் வைத்துப் பேசட்டும்.