தேயிலைக்கு மேலே ஒரு காடு



நாளைக் காலை எங்களோடு காட்டுக்குள் நடக்க வந்திருக்கும் விருந்தாளிகளை வரவேற்று நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். ஆனாலும் என் பேச்சில் பெரும்பாதி இந்த ஊர்க்காரர்களுக்குத்தான். கந்தப்பளைக் கடைவீதியில் நின்று அண்ணாந்து பார்த்தால், தேயிலை முடிகிற இடத்தில் கரும்பச்சையாக ஒரு காடு தொடங்குகிறது. கந்தப்பளை – சீதாஎலிய வனம் என்று வனத்திணைக்களத்தின் வரைபடத்தில் அதற்குப் பெயர் உண்டு. அதன் காலடியில் பிறந்து வளர்ந்த நாம், அந்தக் காட்டைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? "அந்தப் பக்கம் போகாதே" என்று சொல்லியிருக்கிறோம். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. நம் பாட்டன் பூட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்காக இந்த நாட்டுக்குள் வந்ததே காட்டு வழியாகத்தான். மன்னாரில் கரையிறங்கி, தம்புள்ளை தாண்டி மாத்தளை வரைக்கும் கால்நடை. குடிநீர் இல்லை, நிழலில் தங்க இடமில்லை. காய்ச்சலும் பேதியும் வந்து விழுந்தவர்களை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 2023இல், மலையகத்துக்கு நாம் வந்த 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் மக்கள் மறுபடியும் அந்தப் பாதையில் நடந்தார்கள். ஜூலை 28ஆம் திகதி புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி போய்ச் சேர்ந்தார்கள். காட்டு நடை என்பது இன்றைக்கு உல்லாசப் பயணம். நமக்கு அது முதலில் உயிரைப் பணயம் வைத்த பயணம். மலைக்கு வந்து சேர்ந்த பிறகும் கையில் கொடுக்கப்பட்டது கோடாலிதான். கோப்பிக்காகக் காட்டை வெட்டினோம். 1869இல் இலைநோய் வந்து கோப்பி செத்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் நட்டுத் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக்காக மறுபடியும் வெட்டினோம். வெட்டச் சொன்னவன் வேறு, வெட்டிய கை நம் கை.

பிறகு எப்படி இந்த மேல்மலைக் காடு தப்பியது? 1873இல், லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துப் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையைக் கேட்டு, 5,000 அடிக்கு மேலே காடு வெட்டக் கூடாது என்று அன்றைய அரசு தடை போட்டது. தடையையும் மீறி மேலே ஏறிய தேயிலை உண்டு. நம் ஊரே 6,000 அடிக்கு மேல்தானே இருக்கிறது! ஆனாலும் அந்த ஓர் உத்தரவு இல்லாதிருந்தால், நாளைக்கு நாம் நடக்கப் போகும் காடு இன்று நம்பர் போட்ட ஏதாவதொரு தேயிலை மலையாக இருந்திருக்கும். தண்ணீரின் அருமை தெரிந்து போட்ட உத்தரவு அது. ஒரு நல்ல சட்டம் 150 ஆண்டு கழித்தும் பீலியில் தண்ணீராக வந்துகொண்டிருக்கிறது என்பதை இந்தக் கூட்டம் மனத்தில் வைக்க வேண்டும்.

விருந்தாளிகளில் ஒரு தம்பி கேட்டார், "ஐயா, மழைக்காடு என்றால் சிங்கராஜாதானே, இங்கே என்ன இருக்கிறது?" என்று. நல்ல கேள்வி. சிங்கராஜ வனம் தாழ்நிலத்து மழைக்காடு. 1988இலேயே உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மரங்கள் நூறடிக்கு மேலே போகும், உள்ளே புழுங்கும். நம்முடையது முகில் காடு. மரங்கள் குள்ளம். கிளைகள் முறுக்கிக்கொண்டு கிடக்கும். இலைகள் சிறிதாகவும் தடிப்பாகவும் இருக்கும், உச்சி குடை விரித்தது மாதிரி தட்டையாக இருக்கும். குளிரும் காற்றும் அப்படி வளர்த்திருக்கின்றன. கீன மரமும் காட்டு நாவல் இனங்களும் அடர்ந்து நிற்கும். ஓடைக்கரையில் மரப்பெரணி நிற்கும். கிளைக்குக் கிளை பாசி, தாடி தாடியாகத் தொங்கும் மரப்பாசி.

அந்தப் பாசியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மழையே பெய்யாத நாளிலும் இந்தக் காட்டுக்குள் சொட்டுச் சொட்டென்று ஓசை கேட்கும். மலையை உரசிக்கொண்டு போகும் மூடுபனியில் மிதக்கிற நுண்துளிகள் இலையிலும் பாசியிலும் ஒட்டுகின்றன. ஒட்டியவை ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, சொட்டாகி மண்ணில் இறங்குகின்றன. மழைமானியில் விழாத தண்ணீர் இது. மரம் இருந்தால் மட்டும் கிடைக்கும். மரத்தை வெட்டிவிட்டால் அதே பனி நம் தலைக்கு மேலே ஒன்றும் தராமல் கடந்து போய்விடும். இறங்கிய தண்ணீரை இலைமக்கும் கறுப்பு மண்ணும் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகின்றன. லயத்துப் பீலியில் நீங்கள் குடம் வைத்துப் பிடிப்பது அந்தத் தண்ணீர். லீக்சுக்கும் கரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் பாய்ச்சுவதும் அதுதான். இந்த மலைகளில் பிறக்கும் ஓடைகள் கடைசியில் மகாவலியில் சேர்கின்றன. மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி, பொலன்னறுவை வயல்களைக் கடந்து, திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடல் கலக்கிறது. நம் காட்டில் ஒரு மரம் விழுந்தால் அதன் நட்டம் அங்கே நெல் விதைக்கிறவன் வரைக்கும் போகிறது.

இந்த ஈரத்தை நம்பி வாழ்கிற உயிர்கள் எத்தனை! நம் காட்டுச் செடித் தவளைகளில் பல இனங்களுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. குளம் தேடிப் போகாமல் ஈர மண்ணிலேயே முட்டை போடும். முட்டைக்குள்ளேயே தவளையாகி, வால் இல்லாமல் வெளியே வரும். மண் காய்ந்தால் அந்தத் தலைமுறை முடிந்தது. மூக்கு நுனியில் காண்டாமிருகம் மாதிரி கொம்பு வைத்த ஓணான் இருக்கிறது. உலகத்தில் இலங்கையின் இந்த மேல்மலைகளில் மட்டும்தான் இருக்கிறது. முட்டை போடாமல் குட்டி போடுகிற குள்ள ஓணான் இருக்கிறது. ஓடை ஓரத்தில் விடிகிற நேரத்திலும் இருட்டுகிற நேரத்திலும் சீட்டியடிக்கிற நீலக் காட்டுப்பறவையை உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் பறவை நோக்கர்கள் தேடி வருகிறார்கள். மஞ்சள் காது கொண்டைக்குருவி நம் வீட்டுத் தோட்டத்தில் வந்து உட்காரும். அதுவும் இந்த நாட்டை விட்டு வேறெங்கும் இல்லாதது. அழிந்தே போயிற்று என்று எண்ணியிருந்த மலைநாட்டுத் தேவாங்கு ஹோட்டன் சமவெளிக் காட்டில் 2009இல் படம் பிடிக்கப்பட்டது. விடியற்காலையில் மேலே "ஹோ" என்று கரகரத்த குரல் எழும்பினால் பயப்படாதீர்கள். அது கரடிக்குரங்கு. குளிருக்கு அடர்ந்த மயிர் வளர்த்துக்கொண்ட நம் மந்தி.

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் விருந்தாளிகளுக்கு ஒன்று. நீலகிரியில் 12 ஆண்டுக்கு ஒரு தடவை பூக்கும் குறிஞ்சியை 2006இலும் 2018இலும் பார்த்திருப்பீர்கள். அதே பேரினத்துச் செடிகள்தான் எங்கள் காட்டின் அடியில் புதராக நிற்கின்றன. சிங்கள மக்கள் நெலு என்பார்கள். ஹோட்டன் சமவெளியில் 2013இல் பூத்தது, 2025இல் மறுபடியும் பூத்தது. பூத்து விதைத்துவிட்டுச் செடிகள் கூட்டமாகச் சாகும். அந்த விதைக்குக் காட்டுக்கோழிகள் திரளும். செந்நிறமாகப் பூக்கிற மஹ ரத்மல் மரத்துக்கும் நீலகிரிச் சோலையில் உடன்பிறப்பு நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே உயிர்ச்செழிப்பு மண்டலமாக அறிவியலாளர் எண்ணுவது இதனால்தான். மனிதர்களின் கதையும் அப்படியே ஆயிற்று. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் நம் குடும்பங்களைப் பிரித்தது. திரும்பிப் போனவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. இங்கே முகில் காட்டின் ஓரத்தில் கொழுந்து கிள்ளியவள் அங்கே போய்ச் சோலைக்காட்டின் ஓரத்தில் கொழுந்து கிள்ளினாள். குறிஞ்சி என்று இலக்கணத்தில் படிக்கிறோமே, அந்தத் திணையில் கடல் கடந்தும் வாழ்கிறவர்கள் நாம். அந்தத் திணைக்கு உரிய அறிவும் நம்மிடம் இருக்க வேண்டாமா?

நாளைய நடைக்கு வருகிறேன். பீதுறுதாலகாலை உச்சி நம் பாதையில் இல்லை. 2,524 மீட்டர் உயரமான அந்த உச்சி பாதுகாப்பு வலயம். நடந்து போக அனுமதியில்லை. நாம் போவது காட்டின் ஓரமும், திணைக்களம் அனுமதித்த உள்வழியும் மட்டும். சிறிய குழுவாக, ஒருவர் பின் ஒருவராகப் போவோம். பாதையை விட்டு இறங்க வேண்டாம். நீங்கள் மிதிக்கிற இலைமக்குக்குள் தவளை முட்டை இருக்கக் கூடும். பறவையை வரவழைக்க அதன் குரலைத் தொலைபேசியில் போடுகிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. செய்யாதீர்கள். கூடு கட்டுகிற காலத்தில் அந்தக் குரலைக் கேட்டு, எதிரி வந்துவிட்டதென்று குஞ்சை விட்டுவிட்டுப் பறவை அலையும். அட்டை கடித்தால் பிடுங்கி எறிய வேண்டாம், சவர்க்காரம் தடவினால் விட்டுவிடும். நம் அக்காமார் மலையில் செய்கிற வைத்தியம் அது. ஹோட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். நம் காட்டுக்கு அப்படி வாசல் இல்லை. ஆகவே அந்தக் காவலை நாமே செய்ய வேண்டும்.

ஊர்க்காரர்களே, இனி உங்களோடு பேசுகிறேன். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி 300 கிலோமீட்டருக்கு மேலே தோட்டங்களைச் சுற்றி வருகிற பீக்கோ நடைபாதை, 22 பகுதிகளாக வகுக்கப்பட்டு, நம் கந்தப்பளை வழியாகத்தான் நுவரெலியாவில் போய் முடிகிறது. நம் பாட்டன்மார் வேலைக்குப் போய்வந்த குறுக்கு வழிகளும் வண்டிப் பாதைகளும்தான் அந்த நடைபாதை. பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலாகி, உலகமெங்கும் இருந்து ஆட்கள் வந்து தங்குகிறார்கள். பயணிகள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு இந்தக் காட்டை யார் சொல்வது என்பதுதான் கேள்வி. கொழும்பிலிருந்து வருகிற வழிகாட்டி புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார், நம் பையன் அவர் பின்னால் பையைச் சுமந்துகொண்டு போவான். இதை நான் ஏற்க மாட்டேன். எந்த ஓடை எந்த மாதத்தில் வற்றும், கரடிக்குரங்கு எந்த மரத்தில் தூங்கும், சிறுத்தை எந்தப் பள்ளத்தைக் கடக்கும் என்று அறிந்தவர்கள் நம் தோட்டத்துக் காவல்காரரும் விறகுக்குப் போன ஆத்தாமாரும். சுற்றுலா அதிகார சபை பிரதேச வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. நம் பிள்ளைகள் படித்து அதை எடுக்க வேண்டும். மூன்று மொழியிலும் பேச வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. உயிரோடு மீட்டும் சில நாளில் செத்துப் போயிற்று. அந்தக் கம்பி சிறுத்தைக்கு வைத்ததல்ல, பன்றிக்கு வைத்தது. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி உழுதுவிட்டுப் போனால் வயிறு எரியும், அந்த வேதனை எனக்குத் தெரியும். ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது, நம் வீட்டு நாய் எது என்று தெரியாது. டன்கெல்ட் தோட்டப் பக்கம் ஆய்வாளர்கள் தானியங்கிக் கமெராக்கள் வைத்துப் பார்த்தபோது, சிறுத்தைகள் தேயிலை மலைகளுக்கு நடுவே மனிதரின் கண்ணில் படாமல் நடமாடுவது தெரியவந்தது. நம்மோடு சண்டை போடாமல் வாழ்கிற அயலார் அவை. பன்றிக்கு வேலி போட உதவி கேட்போம், பிரதேச சபையிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் சேர்ந்து போய்க் கேட்போம், நானும் வருகிறேன். கம்பியை மட்டும் விட்டுவிடுங்கள். வைத்தது யார் என்று யாரும் கேட்க மாட்டோம். எடுத்துவிடுங்கள், போதும்.

நாளைக் காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறோம். தோட்டத்துக்கு இரண்டு பிள்ளைகளையாவது எங்களோடு அனுப்பி வையுங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவரையும் அனுப்புங்கள். கதகதப்பாக ஒரு கம்பளிச் சட்டையும், எழுத ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்தனுப்பினால் போதும். சாப்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.