பழைய ஸ்பீக்கரும் வாரண்டிச் சீட்டும்

ஆடி பிறந்தால் தெள்ளார், வந்தவாசி, ஆரணி வட்டாரத்து மைக்செட்காரர்களுக்கு ஓய்வில்லை. அந்த அவசரத்தில் பழைய ஸ்பீக்கர் வாங்குபவர் முதலில் கேட்பது, "வாரண்டி இருக்கா?" நியாயமான கேள்விதான். ஆனால் வாரண்டிக் காலம் பெரும்பாலும் முதல் பில் தேதியிலிருந்தே ஓடுகிறது. பில் இல்லாவிட்டால் சீட்டு வெறும் தாள். பில் இருந்தாலும், ஆம்ப்ளிஃபயர் மிகையாகத் தள்ளி உள்ளே கம்பிச்சுருள் கருகினால் பல நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை. திருவிழா ஸ்பீக்கர்கள் பல சாவது அப்படித்தானே!

ஆகவே சீட்டைவிடப் பொருளைப் பாருங்கள். காந்தம் பல பத்தாண்டுகள் தாங்கும். கூம்பின் விளிம்பு ஃபோம் என்றால் 10, 15 ஆண்டுகளில், நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரமே, பொடிந்து உதிரும்; துணியும் ரப்பரும் நீடிக்கும். கூம்பை விரல்களால் சமமாக மெல்ல அழுத்தும்போது உரசல் கேட்டால் சுருள் கெட்டிருக்கலாம். "அதற்குப் புதிதே வாங்கலாமே" என்பீர்கள். வீட்டுக்கு என்றால் சரி. வாடகைத் தொழிலுக்கோ, உதிரி பாகம் கிடைக்கும் பழைய மாடல், கிடைக்காத புதியதைவிட அதிக நாள் உழைக்கும். ஹார்ன் ஸ்பீக்கரின் டயாபிரம் பல மாடல்களுக்குத் தனியாகவே விற்கிறது. விற்பவர் முழுச் சத்தத்தில் பாட்டுப் போட்டு அசத்துவார். சன்னமாகவும் போடச் சொல்லுங்கள்; உரசலும் கரகரப்பும் அப்போதுதான் காதில் விழும்.