முன்வினையா? குரோமோசோமா?



கண் மேல்நோக்கிச் சரிந்து, மூக்கு சற்றுத் தட்டையாகி, கைகால் தளர்ந்து, நடையும் பேச்சும் தாமதமாக வரக்கூடிய ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் நம் வீடுகளில் நடப்பதென்ன? ஜோசியன் வந்து பூர்வஜன்ம பாவமென்கிறான். மாமியார், கிரகணத்தன்று இவள் வெளியில் வந்தாள் என்கிறாள். புருஷன் இரண்டாங் கலியாணத்துக்குப் பெண் பார்க்கிறான். பிள்ளைக்கு ஒரு பட்டம், தாய்க்கு ஒரு பட்டம். தகப்பனுக்கு மாத்திரம் பட்டமே கிடையாது!

வைத்தியர்கள் இதை டவுன் சிண்ட்ரோம் என்கிறார்கள். நம் உடம்பின் ஜீவ அணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள் உண்டு. பாதி தாய் தந்தது, பாதி தகப்பன் தந்தது. கருமுட்டை உண்டாகும்போது ஒவ்வொரு ஜோடியும் பிரிந்து ஒன்று மாத்திரமே முட்டைக்குள் போகவேண்டும். சில சமயம் 21வது ஜோடி பிரியாமல் இரண்டுமே போய்விடுகிறது. தகப்பன் தரும் ஒன்றும் சேர்ந்தால் மூன்று, மொத்தம் 47. இவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு இப்படி மூன்றாக இருப்பதே காரணம். மற்றவர்களுக்கு அந்த அதிகப்படித் துண்டு வேறொரு குரோமோசோமோடு ஒட்டியோ, சில அணுக்களில் மாத்திரமோ இருக்கும். இதை நான் நம்பச் சொல்லவில்லை. பிள்ளையின் இரத்தத்தை எடுத்து எண்ணிப் பார்க்கச் சொல்லுகிறேன்.

“முட்டையில்தானே பிசகு, அப்படியானால் தாயின் குற்றந்தானே?” என்று ஒரு தோழர் கேட்கலாம். சில சமயம் தகப்பனின் விந்தணுவிலும் இதே பிசகு நேருகிறது என்பது ஒருபுறமிருக்கட்டும். ஒரு பெண்ணின் முட்டைகள், அவள் தன் தாய் வயிற்றில் கருவாயிருக்கும்போதே பிரியத் தொடங்கிப் பாதியில் நின்று, பல வருஷங்கள் காத்துக் கிடக்கின்றன. அதனால்தான் தாய்க்கு வயது ஏற ஏற இது அதிகப்படுகிறது. 25 வயதில் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. 40 வயதில் சுமார் நூற்றில் ஒன்று. இளந்தாய்மார்களுக்கும் பிறக்கத்தான் செய்கின்றன. இதில் கிரகணம் எங்கே வந்தது? அவள் செய்த பாவந்தான் எங்கே வந்தது?

ஜோசியனை மாத்திரம் திட்டுவது நியாயமல்ல. 1866ல் இப்பிள்ளைகளின் அங்க அடையாளங்களை நன்றாக எழுதிவைத்த இங்கிலாந்து வைத்தியர் லாங்டன் டவுன், மங்கோலிய ஜாதியின் பெயரை இவர்கள் தலையில் கட்டினார். ஜாதிப் புத்தி வெள்ளைக்காரனையும் விட்டதில்லை! 1961ல் விஞ்ஞானிகளே அப்பெயர் கூடாதென்று எழுதினார்கள். 1965ல் மங்கோலிய நாடு ஆட்சேபிக்க, உலக சுகாதார நிறுவனமும் அதைக் கைவிட்டது. 47 என்ற கணக்கு 1959ல் பாரிசில் வெளியாயிற்று. அணுக்களை வளர்த்தெடுத்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் வைத்தியர். முதற்பெயராக அச்சானது லெழேன் என்ற ஆண். சமைத்தவள் உள்ளே, பரிமாறியவனுக்குப் பேர்!

அதிகப்படிக் குரோமோசோமை எடுத்துவிட மருந்துமில்லை, ஹோமமுமில்லை. ஆனால் அமெரிக்காவில் 1983ல் சராசரி 25 வயது வாழ்ந்த இவர்கள் இன்று சுமார் 60 வயது வாழ்கிறார்கள். இருதயத்தைக் கவனித்ததே அதற்கு ஒரு பெருங்காரணம். இப்பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு உண்டு. ஆகையால் பரிகாரத்துக்கென்று முடிந்து வைத்திருக்கும் பணத்தை அவிழ்த்து, பிள்ளையை நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்று எக்கோ எடுத்துப் பாருங்கள். பிறகு காது, கண், தைராய்டு. உட்காரவும் பேசவும் பழக்கும் பயிற்சியைக் கைக்குழந்தையிலேயே தொடங்குங்கள். தகப்பனும் கூடப் போகட்டும்.