அறுந்த தொடர்பு

எமது பழைய மாணவி ஒருத்தி கற்கைநெறியொன்றுக்கான கட்டணத்தை இணையவழியே செலுத்தினாள். பொத்தானை அழுத்திய கணத்தில் தொடர்பு அறுந்தது. பணம் சேர்ந்ததோ என்றறியாது மீண்டும் அழுத்தினாள். கணக்கிலிருந்து இருமுறை கழிந்தது.

குற்றம் அவளுடையதன்று. கோரிக்கை வழியில் அழிந்ததா, அன்றி அது நிறைவேறியபின் மறுமொழி மட்டும் அழிந்ததா என்று அனுப்பியவர் அறிய வழியில்லை. யான் கலைப்பட்டதாரி, எமது தகவல் தொழினுட்ப ஆசிரியரிடம் கேட்டறிந்ததையே கூறுகின்றேன்.

மறுபுறத்திலுள்ள சேவையகக் கணினியின் நிலையும் இதுவே. விடைபெற்றுச் செல்பவரை அது அறியும். மின்சாரம் அற்று மௌனமாய் மறைந்தவரை அறியாது. லினக்ஸ் இயங்குதளத்தில் உயிர்ப்புச் சோதனையை ஏவினாலும், வேறு கட்டளை இல்லாவிடின், 7,200 விநாடிகள், அதாவது இரண்டு மணித்தியாலம் அமைதியாய்க் கழிந்த பின்னரே, ‘இருக்கின்றீரா?’ என்று அது முதன்முறை வினவும். போனவருக்காக அத்துணை நேரம் ஆசனம் ஒதுக்கி வைத்தல் தகுமா? ஆதலின் நிரலெழுதுவோர் தாமே குறுகிய காலவெல்லை வகுப்பர்.

பணத்திற்கோ காலவெல்லை போதாது. ஒவ்வொரு செலுத்துகைக்கும் அனுப்பும் பக்கத்திலேயே தனியிலக்கம் ஒன்று இடப்படும். மீண்டும் அழுத்தினும் அவ்விலக்கம் மாறாது. அதே இலக்கம் மறுபடி வரக்கண்ட சேவையகம், பணத்தைக் கழியாது முந்தைய பற்றுச்சீட்டையே திருப்பி அனுப்பும்.

அவள் பயன்படுத்திய தளத்தில் இவ்வேற்பாடு இருக்கவில்லை. மேலதிகப் பணம் மீள மூன்று மாதமாயிற்று.