இடுப்பு வலிக்குப் படுக்கை மருந்தல்ல

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



உழவியல் பாடம் நடத்துபவன் இடுப்பு வலியைப் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு கணக்குப் பார்ப்போம். நெல்லை 20க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்து. ஏக்கருக்கு ஏறத்தாழ 2 இலட்சம் குத்து. கைநடவில் அத்தனையும் குனிந்தே நடப்படுகின்றன. விதை, உரம், தண்ணீர் போல முதுகும் ஓர் இடுபொருள்தான். கெட்டுப்போனால் கடையில் வாங்க முடியாத இடுபொருள்.

வலி வருவது எப்படி?

இடுப்புப் பகுதியில் 5 முதுகெலும்புகள் உள்ளன. அவற்றிற்கிடையே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. குனிந்தபடியே மூட்டையைத் தூக்கும்போது இத்தட்டுகள் மிகுதியாக அழுத்தப்படுகின்றன. சில வேளைகளில் தட்டு பிதுங்கி, காலுக்குச் செல்லும் நரம்பின் வேரை உறுத்துகிறது. அப்போது பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறம், கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் பாய்ந்தது போல வலி இறங்கும், மரமரப்பும் இருக்கும். இதைத்தான் மருத்துவர்கள் சயாட்டிகா என்கிறார்கள். பிதுங்கிய தட்டு பெரும்பாலும் நாளடைவில் தானாகவே சுருங்கிவிடும். ஆகவே அஞ்ச வேண்டியதில்லை.

படுத்துக் கிடக்கலாமா?

வலி கடுமையாக இருந்தால் ஓரிரு நாள் ஓய்வு போதும். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 1995-ல் வெளியாயிற்று. இடுப்பு வலிக்காக இரண்டு நாள் படுக்கையில் இருந்தவர்களைவிட, தாங்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைச் செய்தவர்களே விரைவில் தேறினார்கள் என்று அது காட்டியது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட நெறிமுறையும் உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டை அணிவதை வழக்கமான சிகிச்சையாக அது ஏற்கவில்லை. மருந்துக் கடையில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கி நாள்தோறும் விழுங்கினால் இரைப்பையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

செய்ய வேண்டிய பயிற்சிகள்

1. பாயில் குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் இருங்கள். பிறகு முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்துங்கள். இது எளிதாக வந்தபின் உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பு தரையிலேயே இருக்க, மெதுவாக 10 முறை உயர்ந்து தாழுங்கள்.

2. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பை உயர்த்தி, ஐந்து எண்ணும் வரை நிறுத்துங்கள். இதை 10 முறை செய்யுங்கள்.

3. காலையும் மாலையும் 10 நிமிடம் சமதரையில் நடந்து, சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள்.

ஓர் அடையாளத்தை நினைவில் வையுங்கள். பயிற்சியின்போது காலிலிருந்த வலி மேலேறி இடுப்போடு நின்றால் அது நல்ல குறி, தொடருங்கள். வலி கீழிறங்கிப் பாதத்தை எட்டினால் உடனே நிறுத்துங்கள். நடந்தால் கால் வலித்து, உட்கார்ந்தால் தணியும் முதியவர்களுக்கு முதல் பயிற்சி ஒத்துவராமல் போகலாம். அவர்கள் இயன்முறை மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயன்முறைச் சிகிச்சை கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இச்சிகிச்சையை வீட்டிற்கே வந்து அளிக்கவும் வகை செய்யப்பட்டது. அதுபற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம்.

வயலில் செய்ய வேண்டியவை

திருந்திய நெல் சாகுபடியில் 25க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி விடுகிறோம். அப்போது ஏக்கருக்குச் சுமார் 65 ஆயிரம் குத்துகளே நட வேண்டும். கோனோ களைக்கருவியை நின்றபடியே தள்ளலாம். யூரியா மூட்டை 45 கிலோ. அதை இருவராகத் தூக்குங்கள். தனியாளாகச் சிறு சுமையைத் தூக்கும்போதும் முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். 16 லிட்டர் விசைத்தெளிப்பானை முழுவதும் நிரப்பாமல் 10 லிட்டரோடு நிறுத்துங்கள். அதற்கேற்ப மருந்தின் அளவையும் குறைத்துக் கலக்குங்கள். நடவாட்கள் அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, இடுப்பில் கைவைத்து ஐந்து முறை பின்னால் வளையட்டும். அவர்கள் நிமிரும் அந்த நொடிகளை வீண்பொழுது என்று கருதாதீர்கள்.

காலம் தாழ்த்தக் கூடாதவை

சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், தொடையிடுக்கில் உணர்ச்சியின்மை, காலில் செருப்பு நிற்காத அளவுக்குப் பாதம் துவளுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தாமதித்தால் நரம்பு நிரந்தரமாகக் கெட்டுவிடக்கூடும். வலியோடு காய்ச்சலோ உடல் மெலிவோ இருந்தாலும், கீழே விழுந்தபின் வலி வந்தாலும் பயிற்சி செய்யாமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சியின் பலன் ஒரே நாளில் தெரியாது. ஆறு வாரம் பொறுமையாகச் செய்யுங்கள். வலி தீர்ந்தபின்னும் விட்டுவிடாதீர்கள். பயிருக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை உங்கள் முதுகுக்கும் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.