வானத்தீவில் வாழும் சிற்றுயிர்

(விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் திண்டுக்கல் சமவெளியிலிருந்து மேற்கே நோக்கினால் நீலநிறமாய்த் தோன்றுவது பழனிமலைத் தொடர். இத்தகைய உயர்மலைகளை அறிஞர்கள் 'வானத்தீவுகள்' என்பர். கடல்நீர் தீவைச் சூழ்ந்திருப்பது போல, வெப்பமிக்க சமவெளி அங்குள்ள குளிர்ந்த சோலைக்காடுகளைச் சூழ்ந்திருக்கிறது.

அச்சோலைகளில் வாழ்வது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. பெயரில் கிளி இருப்பினும் இது கிளியினம் அன்று. மலையாளத்தில் சிறு பறவைகளைக் 'கிளி' என்பது வழக்கம். சாணளவும் இராத இப்பறவையின் மேலுடல் கருநீலம், வயிறு வெண்மை. அடர்ந்த புதர்நிழலில், தரையையொட்டிப் பூச்சிகளைத் தேடி உண்ணும். கண்ணில் படுவது அரிது. சீழ்க்கையொத்த இனிய பாட்டே அதன் இருப்பை உணர்த்தும்.

பழனிமலையில் சாமுவேல் ஃபேர்பேங்க் என்னும் பாதிரியார் கண்ட இப்பறவையை 1868இல் பிளான்ஃபோர்டு அறிவுலகுக்கு அறிமுகப்படுத்தினார். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள பழனி, ஆனைமலை முதலிய உயர்மலைகளன்றி உலகில் வேறெங்கும் இது இல்லை. கணவாய்க்கு வடக்கே நீலகிரிப் பகுதியில் வாழ்வது இதன் உறவான வேறோர் இனம். மரபணு ஆய்வின் பயனாக, 2017இல் இவ்வினங்களுக்கெனச் 'சோலிகோலா' என்ற தனிப்பேரினம் வகுக்கப்பட்டது. சோலையில் உறைவது என்பது அதன் பொருள். சோலை அழிந்தால் இப்பறவை இறங்கிவந்து சமவெளியில் வாழ இயலாது.

இப்பறவையைக் கவணெறிந்து கொல்வார் நம்மில் எவரும் இலர். ஆயினும் கொல்லாமை அத்துடன் நிறைவுறுமா? பழனிமலையின் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பதாண்டுகளில் மறைந்தது என்று 2018இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. சீகை, தைலமரம், பைன் ஆகிய அயல்மரத் தோட்டங்களும் வேளாண்மையும் அவ்விடத்தைக் கொண்டன. சோலைகளும் சுருங்கின. மரம் நடுதல் நல்லறமே. இடமறியாது நடுவது பிற உயிரின் இல்லத்தைப் பறிப்பதாக முடியும்.

இம்மண்ணின் மலைகள் நம் முன்னோர்க்கு அயலானவை அல்ல. பழனிக்கு அருகிலுள்ள ஐவர்மலையில், கி.பி. 870இல், வரகுண பாண்டியன் காலத்தில், சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருவுருவைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு உரைக்கிறது. மழைக்காலத்தில் சிற்றுயிர் நசுங்குமே என்று அஞ்சி ஓரிடத்தே தங்கும் முனிவர்களின் மரபு நம்முடையது. காலடியைக் காத்த அம்மரபு, காட்டையும் காக்க வேண்டாவா?

ஆதலின், நம் அறப்பணிகளில் மரம் நடும்போது அந்தந்த நிலத்துக்குரிய நாட்டு மரங்களையே நடுவோம். கொடைக்கானல் செல்லும் குடும்பங்கள் நெகிழிப் பைகளை மலையில் விட்டுவராதிருப்போம். சோலைக்குள் கூச்சலிட்டுக் கூடுகளைக் கலைக்கவேண்டா என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். மலைக்காடு தேக்கித் தரும் நீரே ஆத்தூர் காமராசர் அணை வழியாக நம் நகர்க்கும் குடிநீராகிறது. அப்பறவையின் வீட்டைக் காப்பது நம் வீட்டைக் காப்பதே ஆகும்.

எல்லா உயிர்களும் இன்புறுக! நல்லறம் ஓங்குக!